தங்கைக்கு ஆலோசகர் தேடும்போது

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறார். உன் மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைச் சொன்னதும் அவருக்கு அத்தனை சந்தோஷம். மற்ற கதையெல்லாம் அடுத்த கடிதத்தில். உன் தங்கை விஷயம்தான் முதலில். கணவனின் வார்த்தைக் கொடுமை தாங்காமல் பிரிந்து வந்து உங்கள் வீட்டில் இருக்கிறவளுக்கு நல்ல ஆலோசகரை எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தாய்.

"மாப்பிள்ளை ஒருநாள்கூட கை நீட்டியதில்லையே, அப்புறம் இவளுக்கு என்ன?" என்று அப்பா கேட்பதாக எழுதியிருந்தாய். அவர் சட்டத்தை மதிக்கிறவர், அந்த வழியிலேயே சொல்லிப் பார். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், வன்முறை எது என்று சொல்லும் 3ஆம் பிரிவிலேயே வார்த்தையாலும் மனத்தாலும் செய்யும் கொடுமையைச் சேர்த்திருக்கிறது. அவமானப்படுத்துவது, கேலி செய்வது, பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது எல்லாம் அதில் வரும். குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவதைத் தனியாகவே குறிப்பிட்டிருக்கிறார்கள். அடி விழாததால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

ஸ்பூன் கீழே விழுந்தால் "ஸாரி, ஸாரி" என்கிறாள், கடைக்கு எந்தப் பையை எடுத்துப் போவது என்பதைக்கூட உன்னிடம் கேட்கிறாள் என்று எழுதியிருந்தாய். காயம் அங்கேதான் இருக்கிறது. "நான் அப்படிச் சொல்லவே இல்லை, நீயாகக் கற்பனை பண்ணுகிறாய்" என்று வருடக்கணக்கில் கேட்டவளுக்குத் தன் கண்ணும் காதும் சொல்வதிலேயே நம்பிக்கை போய்விடும். அதனால் ஆலோசகரை நீ தேர்ந்தெடுத்து அவளைக் கொண்டுபோய் விடாதே. விசாரிப்பது, நம்பர் வாங்குவது, சான்று பார்ப்பது எல்லாம் நீ செய். மூன்று பெயரைக் கையில் கொடுத்துவிட்டு, யாரிடம் போவது என்பதை அவளிடம் விடு. இரண்டு வாரம் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை.

யாரிடம் போவது என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. மனநல மருத்துவர் எம்.டி. படித்த டாக்டர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து தரமாட்டார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். எம்.ஃபில். போன்ற பயிற்சிப் படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். அந்தப் பதிவு எண்ணைக் கேள், தயங்காமல் கேள். கவுன்சிலின் இணையதளத்தில் பெயர் இருக்கிறதா, பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். "கவுன்சலர்" என்று போர்டு மாட்டுகிறவர்களிடம்தான் கவனம் வேண்டும். உளவியலில் எம்.எஸ்ஸி., அல்லது சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் அருமையாக வேலை செய்கிறவர்களும் அதில் இருக்கிறார்கள், வார இறுதி வகுப்புச் சான்றிதழோடு உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். "என்ன படித்தீர்கள்? உங்கள் வேலையை யார் மேற்பார்வை செய்கிறார்கள்?" என்ற இரண்டு கேள்வியிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதல் போன் பத்து நிமிடம் போதும். முடிந்தால் அவளே பேசட்டும். கேள்விகளைத் தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளாது. முக்கியமான கேள்வி இது: "அடிக்காமல் வார்த்தையாலேயே வதைக்கப்பட்டவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? முதல் ஒரு மாதம் என்ன செய்வீர்கள்?" நல்ல பதில் தூக்கம், சாப்பாடு, இப்போது பாதுகாப்பாக இருக்கிறாளா, அந்த ஆள் இன்னும் போனில் தொல்லை தருகிறானா என்பதில்தான் தொடங்கும். பழைய சம்பவங்களைக் கிளறுவது அதற்கப்புறம், அவள் தாங்கும் அளவுக்குத்தான். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டச் சொல்கிறவரிடம் போனால் அன்று இரவு தூக்கம் போய்விடும், அடுத்த வாரம் அவள் போகமாட்டாள். சிகிச்சை பாதியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க, பேசித் தீர்த்துடலாம்" என்று யாராவது சொன்னால் அங்கே வேண்டாம். கொடுமை நடந்த உறவில் தம்பதி ஆலோசனை ஆபத்தானது. அறைக்குள் அவள் மனம் திறந்து சொன்னதெல்லாம் வெளியே வந்ததும் அவளுக்கு எதிராகவே திரும்பும். அவன் அங்கே மிக நல்லவனாக நடந்துகொள்வான், ஆலோசகரே அவன் பக்கம் சாய்ந்துவிடுவதும் உண்டு. "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாமே", "நீங்க என்ன பண்ணீங்க அவர் அப்படிப் பேச?" என்பதும் அதே ரகம். மறுபக்கம், "உடனே விவாகரத்து பண்ணுங்க" என்று உத்தரவு போடுகிறவரும் வேண்டாம். இத்தனை நாள் அவளுக்காக வேறொருவன் முடிவெடுத்தான், இனி இவர் எடுப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். "ஆறு சிட்டிங்கில் சரியாக்கிடுவேன்" என்று உத்தரவாதம் தருகிறவரையும் நம்பாதே.

தமிழில் பேசுகிறவராகப் பார். அவளை வைததெல்லாம் தமிழில். அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிடும், உள்ளே இருப்பது அசையாது. உங்கள் ஊரில் ஆள் கிடைக்காவிட்டால் சென்னையிலோ மதுரையிலோ இருப்பவரிடம் வீடியோ காலில் பேசலாம். சின்ன ஊரில் ஆலோசகர் சித்தப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் வீட்டில் அவளுக்குக் கதவு சாத்திக்கொள்ளும் 50 நிமிடம் வேண்டும். அப்பா ஹாலில் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டு காது கொடுப்பார் என்று தெரிந்தால் அவள் வாயே திறக்கமாட்டாள். அந்த நேரத்துக்கு அப்பாவை வாக்கிங் அனுப்பு. இன்னொன்று, அவள் ஈமெயிலும் கூகுள் கணக்கும் அவன் போனில் இன்னும் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல். பாஸ்வேர்டை மாற்றி, மற்ற கருவிகளிலிருந்தெல்லாம் வெளியேற வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கிலிருந்து ஃபீஸ் கட்டினால் அவனுக்கும் தெரிந்துவிடும்.

அவள் அங்கே பேசுவது வெளியே போகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நீயோ அப்பாவோ போன் போட்டு "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டால் சொல்லாமலிருப்பவர்தான் நல்ல ஆலோசகர். கோபித்துக்கொள்ளாதே. விவாகரத்து வழக்கு நடப்பதை அவள் முதல் நாளே சொல்லிவிடட்டும். கோர்ட்டுக்கு அறிக்கை தேவைப்பட்டால் அதை வேறொருவரிடம் வாங்குவது நல்லது. இரண்டையும் ஒருவரே செய்தால், இது கோர்ட்டுக்குப் போகுமோ என்று எடை போட்டுப் போட்டுத்தான் அவள் பேசுவாள்.

செலவைக் கேட்டிருந்தாய். தனியாரில் ஒரு அமர்வுக்கு 1,000 ரூபாயிலிருந்து 2,000க்கு மேலும் வாங்குகிறார்கள். வருமானம் இல்லை என்று சொன்னால் சிலர் குறைப்பார்கள், நாமாகக் கேட்க வேண்டும். வாரம் ஒன்று வீதம் மூன்று மாதத்துக்காவது பணம் ஒதுக்கிக்கொண்டு தொடங்குங்கள். இடையில் நின்று நின்று போனால் பலன் குறைவு. அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவிலும் பார்க்கலாம். கூட்டம் இருக்கும், நீண்ட நேரம் பேச வாய்க்காது. ஆனால் தூக்கம் சுத்தமாகப் போய், சாப்பாடு இறங்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் முதலில் அங்கே காட்டு. மருந்து கொடுத்தால், மன அழுத்த மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்று அவளிடம் சொல்லி வை, நான்காம் நாளே நிறுத்திவிடப் போகிறாள். தாங்க முடியாத இரவுகளுக்கு 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் அவளைத் தனியாக விடாதே, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. அவன் வீடு தேடி வந்து மிரட்டினால் பெண்கள் உதவி எண் 181.

மூன்று நான்கு அமர்வு ஆனதும் அவளிடம் ஒன்று மட்டும் கேள்: அங்கே அவரோடு ஒத்துப்போகாத விஷயத்தைச் சொல்ல முடிகிறதா? "நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை" என்று அவள் சொல்லி, அவர் அதை நிதானமாகக் கேட்டுக்கொண்டால், சரியான இடம்தான். அவர் முகம் சுளிப்பாரோ என்று பயந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறாள் என்றால் அடுத்த பெயருக்குப் போகலாம். ஆளை மாற்றுவது தோல்வியில்லை என்று முதலிலேயே சொல்லி வை. அமர்வு முடிந்த அன்றும் மறுநாளும் சோர்ந்து படுத்திருப்பாள், அது சகஜம். வாரக்கணக்கில் கீழேயே போய்க்கொண்டிருந்தால், வேகம் அதிகமென்று அவரிடமே சொல்ல வேண்டும்.

பெயர்கள் கிடைத்ததும் பதிவு எண்ணோடு எனக்கு வாட்ஸப்பில் போடு. நானும் ஒருமுறை சரிபார்த்துச் சொல்கிறேன். அவள் என்னோடு பேச விரும்பினால் ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
செல்வி