ஆறு பெயர்களும் ஓர் ஆறும்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் கூப்பர் ஆற்றங்கரை நெல் பண்ணைகளைப் பற்றித் தமிழில் எழுதிவந்த சிறுநூல் ஒருவழியாக முடிந்துவிட்டது. பலபேர் கைபட்ட வேலை இது. எல்லார் முன்னிலையிலும் அவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

முதல் நன்றி, சார்ல்ஸ்டனில் பழைய ஆவண நகல்களை எடுத்துத் தந்த அம்மையாருக்கு. 1756-இல் பண்ணைக்காரர் எலியாஸ் பால், குழந்தைகளை அடிமைகளாக வாங்கியதைப் பற்றி எழுதிவைத்த குறிப்பின் கையெழுத்து எனக்குப் பிடிபடவே இல்லை. அந்த அம்மையார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரிவரியாக விரல் வைத்துப் படித்துக் காட்டினார். நாலு பையன்கள், இரண்டு பெண்பிள்ளைகள், விலை 600 பவுண்டு. சாஞ்சோ 9 வயது, பீட்டர் 7, புரூட்டஸ் 7, ஹாரி 6, பெலிண்டா 10, பிரிசில்லா 10. வயதெல்லாம் வாங்கியவர் பார்வைக்குத் தோன்றியது. சியரா லியோனின் பன்ஸ் தீவிலிருந்து 'ஹேர்' என்ற கப்பலில் வந்த குழந்தைகள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. என் மகளுக்கும் பத்து வயதுதான். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. அந்த அம்மையார் மெதுவாகக் கோப்பை மூடி, "நாளைக்கு வாருங்கள், எடுத்து வைக்கிறேன்" என்றார்.

அப்புறம், ஆற்றின் கிழக்குக் கிளையில் என்னைப் படகில் கூட்டிப்போன பெரியவர். அங்கே சுமார் 12 மைலுக்குள் 55 மைல் நீளத்துக்கு மண்கரைகள். அத்தனையும் அடிமைகள் மண்வெட்டியால் போட்டவை. அவர்கள் 'ட்ரங்க்' என்பது நம் மதகுதான். ஆதியில் சைப்ரஸ் மரத்தைக் குடைந்து அடைப்பு வைத்துச் செய்தார்களாம். கடலில் ஓதம் ஏறும்போது ஆற்றின் நன்னீர் எதிர்த்து மேலே வரும். கதவைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சுவார்கள். ஓதம் இறங்கும்போது வடிய விடுவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் நாடுகளிலிருந்து வந்தவர்களின் அறிவு இந்த வயல்களில் இருக்கிறது என்று அவர் சொன்னபோது, தஞ்சாவூர்க்காரனான எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

எட்டிவான் பழங்குடியினர், பிரெஞ்சு ஹூகனாட்டுகள் எனப்படும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள், 1707-இல் திட்டமிட்டுப் பின்னாளில் மறைந்துபோன சைல்ட்ஸ்பரி ஊர் ஆகிய பகுதிகளைத் திருத்தித் தந்த நண்பர்களுக்கும், படிகளைப் பிழைபார்த்த தங்கைக்கும் நன்றி.

மவுன்ட் பிளசன்ட் சாலையோரத்தில் ஸ்வீட்கிராஸ் என்ற வாசனைப் புல்லில் கூடை பின்னும் பாட்டியம்மாவை எப்படி விடுவது? கரண்டிக் காம்பால் புல்லுக்கு வழிவிட்டு, பனையோலை நாரைச் செருகி இழுத்துக்கொண்டே மணிக்கணக்கில் பேசினார். மடியில் இருந்த கூடை அச்சு அசலாக நம் வீட்டு முறம் மாதிரி இருந்தது. அரிசி புடைக்கத்தான் என்றார்.

நூலின் முதல் படியை அவரிடமே கொடுத்தேன். எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்த ஆறு பெயர்களையும் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். பிரிசில்லா என்ற இடத்தில் மட்டும், இன்னொரு தடவை என்றார்.