சாட்டைவால் பல்லிக்கும் தகப்பன் உண்டு

அன்புள்ள மதி,

நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. அலுவலக வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் ஓடுகிற அந்தப் பல்லியின் வால் நீலப்பச்சையாக இருப்பது வரை நன்றாகத் தெரிகிறது. ஆனால் படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "இந்த இனத்தில் ஆணே கிடையாதாம் அம்மா. யார் தயவும் இல்லாமல் தன்னைத் தானே நகலெடுத்துக்கொண்டு வாழ்கிறதாம்" என்று எழுதியிருக்கிறாய். முதல் வாக்கியம் சரி. இரண்டாவதில் பாதிக் கதை விட்டுப்போயிருக்கிறது. கல்லூரியில் காலமெல்லாம் செல்லியல் நடத்தியவள் நான். இதைப் போனில் நாலு வார்த்தையில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. பொறுமையாகப் படி.

நீ பார்த்தது நியூ மெக்சிகோ சாட்டைவால் பல்லியாகத்தான் இருக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டு முதல் அதுதான் உன் மாநிலத்தின் அதிகாரபூர்வ ஊர்வன. பார்வைக்கு நம் ஊர் அரணையைப் போல இருந்தாலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த இனத்தில் எல்லாமே பெண்கள். முட்டைகள் கருவுறாமலே பொரிகின்றன. பொரிந்து வருவதும் பெண்தான். ஆனால் அந்த இனத்தின் தொடக்கத்தில் ஒரு தாயும் ஒரு தகப்பனும் இருந்தார்கள், அதுவும் இரு வேறு இனங்களைச் சேர்ந்தவர்கள். தாய் பளிங்குச் சாட்டைவால், தகப்பன் சிறுகோட்டுச் சாட்டைவால். தாய் யார் என்பதைத் தாய்வழியாக மட்டுமே வருகிற மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைக் கொண்டு 1979-லேயே காட்டிவிட்டார்கள். இன்றும் உன் பல்லியின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிற 46 குரோமோசோம்களில் 23 அந்தத் தாயினத்தினுடையவை, 23 தகப்பனினத்தினுடையவை. 'ஆண் தேவைப்படாத உயிர்' என்று தலைப்புப் போடுகிறவர்கள் இந்த இருபத்து மூன்றை மறந்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

இப்போது ஒரு சிக்கலைப் பார். இரு இனக் கலப்பில் பிறந்தவை பெரும்பாலும் மலடாகிவிடும். கோவேறு கழுதை அப்படித்தான். குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, இரண்டுக்கும் பிறந்ததற்கு 63. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒத்த குரோமோசோம்கள் சோடி சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு, பிறகு பிரிய வேண்டும். சோடி பொருந்தாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். சாட்டைவாலில் இரு தரப்பிலும் எண்ணிக்கை 23 தான், ஆனாலும் அவை வெவ்வேறு இனத்துக் குரோமோசோம்கள். ஒன்றை ஒன்று சோடியாக ஏற்பதில்லை.

சாட்டைவால் இந்தத் தடையைத் தாண்டிய விதத்தைக் கான்சஸ் சிட்டியில் உள்ள ஸ்டோவர்ஸ் ஆய்வு நிறுவனத்தில் பீட்டர் பவுமானின் குழு 2010-இல் வெளியிட்டது. குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்குகிற குன்றல் பிரிவுக்குள் நுழைகிற சினைச் செல்லில், அதாவது முட்டையாக வேண்டிய செல்லில், வழக்கத்தைப் போல இருமடங்கு குரோமோசோம்கள் இருந்தன. 46 இருக்க வேண்டிய இடத்தில் 92. அதாவது பிரிவு தொடங்குவதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் கூடுதலாக ஒரு பிரதி எடுக்கப்பட்டிருக்கிறது. பிறகு தாயினத்துக் குரோமோசோம் தகப்பனினத்துக் குரோமோசோமைத் தேடிப் போவதில்லை. தன் சொந்தப் பிரதியோடு, தன் உடன்பிறப்போடு சோடி சேர்கிறது. அச்சாக ஒரே மாதிரி இருப்பவை என்பதால் அவை துண்டுகளை மாற்றிக்கொண்டாலும் எதுவும் மாறுவதில்லை. இரண்டு முறை பிரிந்த பிறகு முட்டையில் மீண்டும் 46, இரு பாட்டன் பாட்டி வழிகளும் முழுசாக. அதே குழு 2016-இல் இன்னொன்றையும் காட்டியது. பெரும்பாலான சினைச் செல்கள் இந்தப் பிரதியை எடுப்பதே இல்லை. சோடி கிடைக்காமல் அவை பாதியில் நின்றுவிடுகின்றன. பிரதி எடுத்த மிகச் சிலவே முட்டையாகின்றன. இத்தனை வீணாகியும் அது இடுகிற முட்டைகள் குறைவதில்லை. வகுப்பில் இதை நடத்த எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது.

கொமோடோ உடும்பை இதோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 2006-இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சியகத்தில் ஆணையே பார்த்திராத ஃப்ளோரா என்ற பெண் கருவளர்ந்த முட்டைகளை இட்டாள். அங்கே முட்டையில் தாயின் பாதிக் குரோமோசோம்கள்தான் இருக்கும். அந்தப் பாதி இரட்டித்துக் குட்டியாகிறது. உடும்பில் பெண்ணுக்கு இசட், டபிள்யூ என இரு பாலினக் குரோமோசோம்கள். இரண்டு இசட் சேர்ந்தால் ஆண். இரண்டு டபிள்யூ சேர்ந்தால் பிழைக்காது. அதனால் பிறந்தவை எல்லாம் ஆண் பிள்ளைகள். அது அவசரத்துக்கு ஒரு வழி, மரபு வளத்தில் பாதியை இழந்து பெறுகிற பிள்ளை. உன் சாட்டைவால் எதையும் இழப்பதில்லை. பிறந்த அன்று கிடைத்த கலப்பை அப்படியே காப்பாற்றிக்கொள்கிறது.

இதோடும் நிற்பதில்லை. உன் மாநிலத்திலேயே திரியும் சிவாவா புள்ளிச் சாட்டைவாலுக்கு 69 குரோமோசோம்கள், அதாவது 23 வீதம் மூன்று தொகுதிகள். பெண்ணாக மட்டுமே இருந்த ஒரு கலப்பினத்தின், குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகக் குறையாத முட்டையோடு மறுபடி ஓர் ஆணின் 23 சேர்ந்தால் மூன்றாகிவிடும். பவுமான் குழு அந்த மும்மய (மூன்று தொகுதி கொண்ட) பெண்களைச் சிறுகோட்டு இனத்து ஆணோடு சேர்த்து, நான்கு தொகுதிகள் கொண்ட, 92 குரோமோசோம் உள்ள பெண்களை ஆய்வகத்தில் பெற்றது. தாமாகவே இனம் பெருக்கிய அவற்றைப் பற்றி 2011-இல் எழுதினார்கள். 2014-இல் தனி இனமாகப் பெயரும் வைத்தார்கள். ஒரு முதுகெலும்பி இனம் தோன்றுவதைக் கூண்டுக்குள் பார்க்க முடிந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

இந்த வழியைக் கண்டது சாட்டைவால் மட்டுமல்ல. ஆர்மீனியாவின் பாறைப் பல்லிகளில் ஆண்களே அகப்படவில்லை என்பதைக் கவனித்து 1958-இல் எழுதியவர் சோவியத் விலங்கியலாளர் இலியா தரேவ்ஸ்கி. அவையும் இரு இனக் கலப்பில் பிறந்தவைதான். அவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டு மல்லிகைத் தொட்டியில் மண்ணைக் கிளறும்போது கறுப்பாக நெளியுமே, மண்புழு என்று நீ கையில் எடுத்துவிட்டு அலறினாயே, அந்தப் புழுப்பாம்பும் எல்லாம் பெண்ணாகவே இருக்கிற இனம். மூன்று தொகுதி, 42 குரோமோசோம். ஒரே ஒரு பெண் தொட்டி மண்ணோடு கப்பலேறினால் போதும் என்பதால்தான் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

அப்படியானால் உலகத்துப் பல்லியெல்லாம் ஏன் இப்படி மாறவில்லை என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு தலைமுறையில் டி.என்.ஏ.வில் ஏற்பட்ட பழுதைக் கலந்து களைய இவற்றுக்கு வழியில்லை. வந்த பழுது தங்கிவிடும், அடுத்தது அதன்மேல் சேரும். எல்லாம் அச்சாக ஒரே மாதிரி என்பதால் ஒட்டுண்ணிகளுக்கும் ஒரே பூட்டைத் திறந்தால் போதும். ஆஸ்திரேலியாவின் பைனோ பல்லியில், ஆணின்றிப் பெருகும் வகையின் உடம்பில் சிற்றுண்ணிகள் கூடுதலாக ஒட்டியிருந்ததை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இந்த இனங்கள் குடும்ப மரத்தின் நுனிக் கிளைகளாக, இளையவையாக இருப்பது இதனால்தான் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வெள்ளம் அரித்த ஆற்றங்கரை, ஓடை மணல், மனிதர் கிளறிப்போட்ட காலி இடம் என்று களைச் செடி முளைக்கிற இடங்களில் அவை முந்திக்கொள்கின்றன. உன் வாகன நிறுத்தத்தில் அது ஓடுவதில் வியப்பில்லை.

'யார் தயவும் இல்லாமல்' என்றாயே, அதற்கும் ஒன்று சொல்கிறேன். டெக்சாஸில் உயிரியலாளர் டேவிட் குரூஸ் இதே பேரினத்தின் மும்மயப் பாலைப் புல்வெளிச் சாட்டைவாலை நெடுங்காலம் ஆராய்ந்தார். அதில் பெண்ணே பெண்ணின்மேல் ஏறி, ஆண் செய்வதையெல்லாம் செய்கிறது. முட்டை வெளிப்படுவதற்கு முன் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மிகுந்திருக்கும்போது பெண்ணாக நடந்துகொள்வது, முட்டை வெளிப்பட்டுப் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறியதும் ஆணாக நடந்துகொள்ளும். தனியே வைத்த பல்லிகளைவிட இப்படித் துணை கிடைத்தவை அதிக முட்டைகள் இட்டன.

அடுத்த முறை பார்க்கும்போது கிட்டத்தில் போய்ப் பார். முதுகில் ஏழு வெளிர் கோடுகள் இருக்க வேண்டும். நடுக்கோடு நேராக இல்லாமல் நெளிந்திருக்கும், கோடுகளுக்கிடையே வெளிர் புள்ளிகள் இருக்கும். வாலைப் பிடித்துவிடாதே, ஒடிந்துவிடும். புள்ளியே இல்லாமல், அடிவயிறு நீலம் பூத்த ஒன்று அதன் பின்னாலேயே சுற்றினால் அது தகப்பன் வழியைச் சேர்ந்த சிறுகோட்டு ஆண். இந்த இரண்டும் சேர்ந்து மும்மயக் குட்டிகள் பிறந்திருப்பதை அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். அப்படி ஒன்றைக் கண்டால் படம் எடுத்து உடனே அனுப்பு. நேரம் என்னவானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா