ரத்தம் கசியும்போதே ஸ்கேனுக்கு அனுப்புங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் நியூக்ளியர் மெடிசின் பிரிவுல, அதாவது கதிரியக்க மருந்து குடுத்து ஸ்கேன் எடுக்குற பிரிவுல, டெக்னீஷியனா வேலை பாக்குறேன். மலத்துல ரத்தம் போய், எண்டோஸ்கோபி கொலனோஸ்கோபி ரெண்டும் பண்ணியும் எங்கேருந்து வருதுன்னு பிடிபடலன்னா அதுக்குன்னு எங்ககிட்ட ஒரு ஸ்கேன் இருக்கு, அது நிறைய பேருக்கு தெரியவே இல்ல, தெரிஞ்சு வர்றவங்களும் ரொம்ப லேட்டா வர்றாங்க, அதான் எழுதறேன்.

நோயாளியோட சொந்த ரத்த சிவப்பணுக்கள்ல டெக்னீசியம் 99எம்-ங்கிற கதிரியக்க மருந்தை ஒட்ட வெச்சு, அதுலேருந்து வர்ற கதிரைப் படமாக்குற காமா கேமராவுக்கு அடியில படுக்க வெச்சு, ஒரு மணி ஒன்றரை மணி நேரம் விடாம படம் எடுப்போம். குடல்ல எங்க ரத்தம் சிந்துதோ அங்க புதுசா ஒரு புள்ளி தெரியும், அப்புறம் அது குடல் போற வழியிலயே நகரும். நிமிஷத்துக்கு 0.1 மில்லி அளவு கசிஞ்சாலே பிடிச்சுடும்ங்க, ரத்தக்குழாய்க்குள்ள கதீட்டர்ங்கிற மெல்லிய குழாய் விட்டு எடுக்குற ஆஞ்சியோவுக்கு 0.5 மில்லியாவது வேணும்.

ஆனா அந்த நேரத்துல கசியணும்! நின்னு போன கசிவை இந்த கேமரா காட்டாது. ராத்திரி ரத்தம் போனவரை மறுநாள் மத்தியானம் அனுப்பினா படம் நார்மலா வந்துடுது, வீட்டுக்காரங்க ஒண்ணும் இல்லைன்னு நினைச்சு கிளம்புறப்ப எனக்கு மனசு பதறுது. நார்மல்னா அப்போ கசியலன்னு தான் அர்த்தம், குடல்ல கோளாறே இல்லைன்னு இல்ல. அந்த மருந்தோட அரை ஆயுள் 6 மணி நேரம், அதாவது 6 மணி நேரத்துக்கு ஒருதரம் அதோட கதிரியக்கம் பாதியா குறையும், அதனால 24 மணி நேரத்துக்குள்ள மறுபடி ரத்தம் போனா இன்னொரு ஊசி இல்லாமலே திரும்ப எடுத்துப் பாக்கலாம், தயவுசெஞ்சு நர்ஸ்கிட்ட உடனே சொல்லுங்க. ஆனா லேட்டா எடுத்த ஒரே படத்துல ரத்தம் தெரியுற இடத்தை மட்டும் நம்பி ஆபரேஷன் முடிவு பண்ணக் கூடாது, குடல் அதை தள்ளிக் கொண்டு போயிருக்கும்.

குழந்தைங்களுக்கு வலி இல்லாம ரத்தம் போனா எடுக்குற மெக்கல்ஸ் ஸ்கேன் வேற, அது குடல்ல இரைப்பைத் திசு இருக்கான்னு தேடுறது, அதுக்கு கசிஞ்சுட்டே இருக்கணும்னு இல்ல. பிபி இறங்கி ஆள் மயங்குற நிலைமைல இருந்தா எங்ககிட்ட அனுப்பி நேரம் கடத்தாதீங்க, முதல்ல உயிரை நிலைப்படுத்தணும்.

கசிவு பகல்ல மட்டும் வர்றதில்ல. ராத்திரிலயும் லீவு நாள்லயும் இந்த ஸ்கேன் எடுக்க ஆள் போடணும்னு ஆஸ்பத்திரி நிர்வாகங்களை உங்க பத்திரிகை வழியா கேட்டுக்குறேன்.

இப்படிக்கு,
நியூக்ளியர் மெடிசின் டெக்னீஷியன் ஒருவர்