பொருள்: எக்ஸ்பாக்ஸ் விற்பனையில் பன்னிரண்டைக் காட்டி நான்கை விற்றது குறித்துப் புகார்

அனுப்புநர்: கணித ஆசிரியை, செந்தூல், கோலாலம்பூர்
பெறுநர்: நிர்வாகி, வீடியோ கேம் விற்பனைக் கடை, புக்கிட் பிந்தாங், கோலாலம்பூர்
நாள்: 3.11.2025

ஐயா,

தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு, அக்டோபர் 11ஆம் தேதி, என் மகனுக்காகத் தங்கள் கடையில் வெள்ளை நிற எக்ஸ்பாக்ஸ் வீடியோ கேம் பெட்டி ஒன்று வாங்கினேன். ரசீதில் 'எக்ஸ்பாக்ஸ் 1 செட்' என்று மட்டுமே இருக்கிறது. எந்த எக்ஸ்பாக்ஸ் என்று சொல்லும் ஓர் எழுத்து அதில் இல்லை. அந்த ஓர் எழுத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

தங்கள் கல்லாவுக்கு மேலே ஓர் ஒப்பீட்டுப் பலகை தொங்குகிறது. ஒரு பக்கம் போட்டிப் பெட்டியான ப்ளேஸ்டேஷன் 5, அதன் வரைகலைக் கணிப்புத் திறன் 10.28 டெராஃப்ளாப்ஸ். மறுபக்கம் எக்ஸ்பாக்ஸ், 12 டெராஃப்ளாப்ஸ், சேமிப்பிடம் 1 டெராபைட். அதன் கீழே இருந்த படம் நான் வாங்கிய வெள்ளைப் பெட்டிதான். பக்கத்திலிருந்த கறுப்பு எக்ஸ்பாக்ஸைவிட இது ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டேன். "அக்கா, இதில் டிஸ்க் போட முடியாது, அவ்வளவுதான். உள்ளே எல்லாம் ஒன்றுதான்" என்றார் தங்கள் ஊழியர். என் மகன் விளையாட்டுகளை இணையத்திலிருந்துதான் இறக்கிக்கொள்கிறான். டிஸ்க் எங்களுக்குத் தேவையில்லை. பெரிய எண்ணை நம்பி வாங்கிவிட்டேன். 'கேள்வியை முழுதாகப் படி' என்று பிள்ளைகளை நாள்தோறும் அதட்டுபவள் செய்த காரியம் இது.

பண்டிகைத் தாளில் அழகாகச் சுற்றித் தந்தீர்கள். தீபாவளியன்று பிரித்த மகன் உள்ளே இருந்த பொருளைப் பார்த்தானா, அட்டையில் எழுதியிருந்ததைப் பார்த்தானா? சில நாளில் வந்து நின்றான்: அடுத்த விளையாட்டை இறக்க இடமில்லையாம். பயன்படுத்தக் கிடைத்ததே 364 ஜிகாபைட்தான். அட்டையைத் தேடி எடுத்தேன். சீரிஸ் எஸ், 512 ஜிகாபைட். பலகையில் தாங்கள் எழுதியிருப்பவை அந்தக் கறுப்புப் பெட்டியான சீரிஸ் எக்ஸின் எண்கள்.

அன்றிரவே ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டேன். வரைகலைச் சிப்பிலுள்ள கணிப்பு அலகுகளை 64 ஆலும், பிறகு 2 ஆலும், அதன் கிகாஹெர்ட்ஸ் வேகத்தாலும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் டெராஃப்ளாப்ஸ் வந்துவிடும். சீரிஸ் எக்ஸில் 52 அலகுகள், வேகம் 1.825: விடை 12.15. ப்ளேஸ்டேஷன் 5இல் 36தான், ஆனால் வேகம் 2.23 வரை போகும்: 10.28. என் வீட்டிலிருப்பதில் 20 அலகுகள், வேகம் 1.565. விடை 4.01. ப்ளேஸ்டேஷனை விஞ்சும் என்று நான் வாங்கியது அதில் பாதிகூட இல்லை. நினைவகமும் சீரிஸ் எக்ஸில் உள்ளதுபோல் 16 ஜிகாபைட் அல்ல, 10.

சீரிஸ் எஸ் மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. அதன் விலைக்கு அது நியாயமான பெட்டி. மையச் செயலிகூட எக்ஸுக்கு ஏறக்குறைய இணையானது. தங்கள் ஊழியர் சொன்னது ப்ளேஸ்டேஷன் 5இன் டிஜிட்டல் பதிப்புக்கும், 2024இல் வந்த டிஸ்க் இல்லாத சீரிஸ் எக்ஸுக்கும் பொருந்தும். எனக்கு விற்ற பெட்டிக்குப் பொருந்தாது. போகட்டும், ப்ளேஸ்டேஷனின் சேமிப்பகமான எஸ்எஸ்டி நொடிக்கு 5.5 ஜிகாபைட் படிக்கும், சீரிஸ் எக்ஸ் 2.4தான் என்ற வரியும் பலகையில் இல்லை. எந்தப் பெட்டியை விற்றுத் தீர்க்க வேண்டியிருந்ததோ, அதற்குச் சாதகமானதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

இந்தப் பெட்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு சீரிஸ் எக்ஸ் தாருங்கள். விலை வித்தியாசத்தை நான் கட்டுகிறேன். இயலாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். பலகையையும் திருத்த வேண்டும். நேரில் வந்தபோது 'திறந்த பெட்டியை மாற்ற மாட்டோம்' என்றார்கள். திறக்காமல் 364 ஜிகாபைட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

14 நாளுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு செய்வேன். அதற்குக் கட்டணம் 5 ரிங்கிட். பலகையின் புகைப்படமும் ரசீதின் இரு பக்க நகலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்