சூரியன்மேல் போட்ட பழி

கொடைக்கானல்

அன்புள்ள பங்காளிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்த கையோடு எழுதியிருக்கிறாய், தாளெல்லாம் கறை. இங்கே உறைபனி இந்த முறை முந்திக்கொண்டது. உருளைச் செடி கருகிவிட்டது என்று பூம்பாறைக்காரர்கள் புலம்புகிறார்கள். மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம்.

எல்லாம் இயற்கை விதிப்படிதான் நடக்கிறது என்றால் மனிதனுக்கு ஏது சுதந்திரம் என்று கேட்டிருக்கிறாய். விடுதி மொட்டைமாடியில் விடிய விடியப் பேசியே தீராத வழக்கு அது; இனியும் தீராது. எனக்கு உறுத்துவது வேறு. விதியைக் காட்டிவிட்டுக் கைகழுவுகிறார்களே, அவர்கள்தான்.

இங்கிருக்கும் சூரிய ஆய்வகம் எப்படி வந்தது தெரியுமா? தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோதே, 1877இல், வில்லியம் ஹண்டர் என்ற அதிகாரி சென்னையின் மழைக் கணக்கைப் புரட்டினார். சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள், அதாவது சூரியன் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகள், குறைகின்றன, அப்போது மழையும் குறைகிறது என்று எழுதினார். புள்ளிக்கும் பருவமழைக்கும் முடிச்சு உண்டா என்று பார்க்கச் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற பேச்சு அப்படி வளர்ந்தது. 1899இல் இந்த மலையில் ஆய்வகம் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதே பஞ்சத்தில் தானியம் கப்பலேறிப் போனதே, அதற்குச் சூரியன் என்ன செய்யும்?

நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, பஞ்சத்தைப் பார்வையிட வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்கக் கல் உடைக்க வேண்டும். சென்னை மாகாணத்துச் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கும் உடம்புக்கு இது பற்றாது, முகாம்களில் ஆட்கள் உருகிப்போகிறார்கள் என்று விடாமல் எழுதினார். சில மாதங்களில் கூலியை உயர்த்தினார்கள். அவரும் அரசாங்கச் சம்பளக்காரர்தான் என்பதை நினைத்துக்கொள்.

ஆய்வகத்தால் பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. 1909 ஜனவரியில், இங்கே வேலை பார்த்த வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் நிறமாலையை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து) படமெடுத்து, புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் அவர் பெயரில்தான் அந்த விளைவை அழைக்கிறார்கள். மழை எப்போது என்று கேட்ட அரசாங்கத்துக்கு இதனால் காலணா பிரயோஜனம் இல்லை. அப்படிப்பட்டதைத் தேடிப்போக ஒருவரை விட்டார்களே, எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று நம் அரசியலமைப்பில் சேர்த்தது எந்த ஆண்டு என்று நினைக்கிறாய்? 1976, 42ஆவது திருத்தம். நெருக்கடி நிலை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை. கேள்வி கேட்டவர்களை உள்ளே வைத்துவிட்டு, கேள்வி கேட்கும் குணத்தைக் கடமையாக்கினார்கள்.

பக்கத்து வீட்டுப் பூண்டு விவசாயியை உனக்குத் தெரியும். பள்ளி நோட்டு ஒன்றில் தேதிக்கு எதிரே மூன்று கட்டம் போட்டு வைத்திருக்கிறார்: பஞ்சாங்கம் சொன்னது, கைபேசி சொன்னது, பெய்தது. இரண்டுக்கும் அவரிடம் ஒரே மரியாதைதான். பயிர் மருந்துக் கடைக்காரர், “இந்த ஈரத்துக்கு இன்னொரு முறை அடித்தே ஆக வேண்டும்” என்றபோது நோட்டைத் திறந்தார். போன ஆண்டு இதே மாதிரி மழையில், மருந்து அடித்த பாத்தியிலும் அடிக்காத பாத்தியிலும் எடுத்த பூண்டின் எடை பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. பெரிய வித்தியாசமில்லை. கடைக்காரர் பேச்சை உர விலைக்கு மாற்றிவிட்டார். கடைக்காரரிடம் ஏற்கெனவே கடன் பாக்கி இருந்தும் மருந்து வாங்காமல் வெறுங்கையோடு திரும்பி வந்த மனிதரிடம் போய், உன் சுதந்திரக் கேள்வியைக் கேட்டுப் பார்.

அவர் வீட்டு அடுப்புப் புகையில் தொங்கிய பூண்டு இரண்டு கிலோ, வத்தலக்குண்டு வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். விடுமுறையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா, ஆய்வகத்தைக் காட்டுகிறேன். ஏற்றம் அதிகமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்; முழங்காலைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பங்காளி