பெயர் இருந்தால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பிரெஞ்சு விலங்குச் சிற்பி ஆந்த்வான்-லூயி பாரி (1795–1875) பற்றி எழுதியது நல்ல காரியம். பெயரைத்தான் 'பார்யே' என்று அச்சிட்டுவிட்டீர்கள். முல்லைக்குத் தேர் தந்தவன் பெயர்போலவே உச்சரிக்க வேண்டும். அது சின்ன விஷயம். வெண்கலச் சிலையின் பீடத்தில் பாரியின் பெயர் பொறித்திருந்தால் அவர் பட்டறை வார்ப்பு என்று நம்பலாம் என்கிறது கட்டுரை. அதுதான் தப்பு. பெயர், அச்செடுக்கப் பயன்படும் மூலமாதிரியிலேயே இருக்கிறது. யார், எந்தக் காலத்தில் வார்த்தாலும் அதுவும் சேர்ந்தே வரும்.

பாரி 1848இல் கடனில் மூழ்கினார். மாதிரிகள் அவருடைய தொழில் பங்காளி எமில் மார்த்தேன் கைக்குப் போய், 1857 வரை அங்கிருந்தே வார்ப்புகள் வந்தன. பாரி இறந்தபின் 1876இல் நடந்த ஏலத்தில் பல மாதிரிகளை பார்பெதியேன் வார்ப்பகம் வாங்கியது. அதன் முத்திரையோடு வந்தவை போலி அல்ல. ஆனால் அவற்றில் பாரியின் உளி பட்டிருக்க வழியில்லை.

உண்மையான சிக்கல், முடிந்த சிலையையே மணலில் பதித்து எடுக்கும் மறுவார்ப்பு. வெண்கலம் ஆறும்போது 1.5 முதல் 2 சதவீதம் சுருங்கும். 30 செ.மீ. சிங்கம் அரை சென்டிமீட்டர் குறைந்துவிடும். அதிலிருந்து இன்னொன்று எடுத்தால் மேலும் குறையும். அசலின் அளவோடு ஒப்பிட அளக்கும்போது பீடத்தை விட்டுவிட்டு விலங்கின் உடலையே அளக்க வேண்டும், பீடம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பிறகு நகத்தின் அடி, விரலிடுக்கு, பிடரி மயிர் மூன்றையும் உருப்பெருக்கியில் பாருங்கள். பாரி பொற்கொல்லரிடம் தொழில் பழகியவர். பாரிஸ் தாவரவியல் பூங்காவில் செத்த விலங்குகளைக் கூறுபோட்டு எலும்பு எலும்பாக அளந்தவர். அந்தக் கூர்மை மறுவார்ப்பில் சோப்புக்கட்டிபோல் மழுங்கிக் கிடக்கும்.

பச்சை நிறத்தை வைத்துப் பழமையைத் தீர்மானிக்கவும் வேண்டாம். சூடாக்கி ரசாயனக் கரைசல் பூசினால் அது ஒரே நாளில் வந்துவிடும்.

இன்னொன்று: பாம்பை மிதிக்கும் பெரிய சிங்கம் பாரி வடித்ததுதான், ஆனால் அதை வார்த்தது அவர் பட்டறை அல்ல. 1833 கண்காட்சியில் பிளாஸ்டராக நின்றதை 1835இல் மெழுகு மாதிரியை உருக்கி வெளியேற்றி வார்க்கும் முறையில் வெண்கலமாக்கியவர் ஒனோரே கோனோன். இப்போது அது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளலாம். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அடிப்பக்கம் மெல்லக் கீறச் சொல்லுங்கள்: மஞ்சள் தெரிந்தால் மேலே சொன்ன சோதனைகளுக்குப் போகலாம், சாம்பல் தெரிந்தால் அது துத்தநாகம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்