அம்மாவின் சப்பாத்தைக் கழற்றியவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று இரவுதான் பிரான்சின் வெஸலே ஊரிலிருந்து வந்து சேர்ந்தோம். நித்திரை வரவில்லை, எழுதுகிறேன்.

மாசியிலிருந்து அம்மாவின் கண்ணோடு நாங்கள் பட்டது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் முறை வைத்து நின்றவர்கள், டொக்டரிடம் மொழிபெயர்க்க வந்த தம்பிமார், சோறு கறி கட்டி அனுப்பிய அக்காமார், நேற்றுப் பாரிஸிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓடிய மச்சான், எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்கு வந்தும் சொல்வேன்.

இந்த மடல் பேர் தெரியாத ஒருவருக்கு.

அம்மா யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தவர். வெஸலே மகதலா மரியாள் தேவாலயம் அவருடைய நெடுநாள் ஆசை. 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். ஜூன் 21ஐ ஒட்டி, உச்சி வெயில் தெற்கு மேல் யன்னல்களால் இறங்கி, நடுத்தரையில் ஒன்பது வெளிச்சத் திட்டுகளாகப் பீடத்தை நோக்கி வரிசையாக விழும். பிரான்சிஸ்கன் துறவி யூக் தெலோத்ர் 1976இல்தான் இதைக் கவனித்துச் சொன்னார். பார்வை போனபின் கூட்டிப் போவதா என்று நான் தயங்கினேன். அம்மா விடவில்லை.

கோடை நேரப்படி அங்கே உச்சி வர ஒன்றே முக்கால் தாண்டிவிடும். "விழுந்திட்டுதா?" என்று கேட்டார். "ஓம் அம்மா" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை.

பக்கத்தில் நின்ற வயதான பிரெஞ்சுப் பெண்மணி அம்மாவின் சப்பாத்தைக் காட்டி, கழற்றலாமா என்று சைகையில் கேட்டார். முழந்தாளிட்டு நாடாவை அவிழ்த்ததும், காலுறையை உருவியதும் அவர்தான். அம்மா வெறுங்காலைக் கல்லில் வைத்தார். குளிர்ந்த கல். இரண்டு எட்டு வைத்ததும் அம்மா நின்றார்.

"இஞ்ச சூடு, பிள்ளை."

பிறகு கொஞ்சத் தூரம் குளிர், மறுபடி சூடு. ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். அம்மா எண்ணிக்கொண்டே நடந்தார். நாலாவது திட்டில் நின்று, "அறுபத்தாறு பாகை" என்றார். அன்றைய உச்சிச் சூரியனின் உயரம் அது: 90இல் அந்த இடத்தின் அகலாங்கைக் கழித்து, பூமியின் சரிவான 23½ஐக் கூட்டியிருக்கிறார். சரியான விடை. மாசிக்குப் பிறகு அம்மா செய்த முதல் கணக்கு.

நான் நிமிர்ந்து பார்க்க அந்தப் பெண்மணி இல்லை. சப்பாத்து இரண்டும் ஒரு கதிரையின் கீழ் ஒழுங்காக இருந்தன, உள்ளே காலுறை மடித்தபடி. அவர் தமிழ் வாசிக்கமாட்டார். இருந்தாலும் இங்கே எழுதி வைக்கிறேன்: நன்றி அம்மா.

மார்கழியில் உச்சிச் சூரியன் அங்கே 19 பாகைதான் ஏறும். அப்போது வெளிச்சம் நடுத்தரையில் விழாது, வடக்குத் தூண்களின் தலைச் சிற்பங்களில் போய்ப் படும். அது அம்மாவின் காலுக்கு எட்டாது. திரும்பவும் கூட்டிப் போவேன். ஒவ்வொரு சிற்பமாகப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டும். இப்போதே சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்.